நாப்பது தாண்டினதுக்கு அப்புறம் சின்ன சர்ஃப் போர்டுக்கு மாறுறது எப்படி

பெரிய போர்டு ஓரளவுக்கு கைக்கு வந்துடுச்சு, நுரையில விழுந்து எழுந்த காலமெல்லாம் தாண்டி உடையாத அலையைப் பிடிச்சு இடமும் வலமும் போறீங்க, இப்போ பக்கத்துல ஒருத்தர் ஆறடி போர்டை வெச்சுக்கிட்டு அலை முகத்துல மேல ஏறி கீழ இறங்கி வளைச்சு வளைச்சு ஓட்டறதைப் பார்த்ததும் நாமளும் போர்டைக் குறைச்சா என்னன்னு தோணுது. தோணட்டும், நல்ல ஆசைதான். ஆனா நிறைய பேர் இதுல மாட்டிக்கறது ஒரே இடத்துல, ஒரேயடியா ஒம்பது அடியில இருந்து ஆறடிக்குக் குதிச்சிடறாங்க, அப்புறம் ஒரு சீசன் முழுக்க அலையே பிடிக்க முடியாம தோள் வலியோட உட்கார்ந்து பார்த்துட்டு "நமக்கு வயசாயிடுச்சு"ன்னு முடிவு கட்டிடறாங்க. வயசுக்கும் பங்கு இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்னு.

பெரிய போர்டுக்கு நீளமும் பரப்பும் ஜாஸ்தி. அதனால அலை இன்னும் சாய்வா இருக்கும்போதே, அது செங்குத்தா எழும்பறதுக்கு ரொம்ப முன்னாடியே, நீங்க கையால தள்ளி வேகம் எடுத்து தண்ணி மேல வழுக்க ஆரம்பிச்சிடலாம். சின்ன போர்டுக்கு அந்தப் பரப்பு இல்ல. அது வழுக்க ஆரம்பிக்கணும்னா இன்னும் செங்குத்தான முகம் வேணும், அந்த செங்குத்து அலை உடையப் போற இடத்துக்குப் பக்கத்துலதான் கிடைக்கும், அதுவும் ஒரு செகண்டோ ஒன்றரை செகண்டோதான். அதாவது பெரிய போர்டுல நீங்க ஓடிப்போய் பஸ் பிடிக்கலாம், சின்ன போர்டுல ஸ்டாப்புலயே நின்னாதான் உண்டு. இந்த ஒரு விஷயம் புரிஞ்சிட்டா மீதி எல்லாமே, எங்க உட்காரணும், எவ்ளோ சீக்கிரம் எழுந்திரிக்கணும், எந்த நாள் போகணும், எல்லாமே இதுலேர்ந்துதான் வருது. கூடவே நம்ம வயசுக்காரங்களுக்கு சாதகமான விஷயமும் இதுலயே இருக்கு, ஏன்னா இருபது வயசுப் பையனோட கை வேகம் நமக்கு வராது, ஆனா கரையில உட்கார்ந்து பொறுமையா அலையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கிற புத்தி அவனைவிட நமக்கு ஜாஸ்தி.

இந்த இடத்துல யாராவது சர்ஃபிங் உலக சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர் பேரை இழுப்பாங்க. 2022 பிப்ரவரியில, 50 வயசு ஆக ஒரு வாரம்கூட இல்லாத நேரத்துல, ஹவாய் பைப்லைன்ல போட்டி ஜெயிச்சார், உண்மைதான். ஆனா அவர் சின்னப் பையனா இருக்கும்போதே ஆரம்பிச்சவர், நாம நாப்பதுல ஆரம்பிச்சவங்க, அவரைப் பார்த்து சந்தோஷப்படலாம், அவரோட போர்டு அளவைப் பார்த்து போர்டு வாங்கக்கூடாது.

முதல்ல நீங்க ரெடியான்னு பாருங்க

இப்போ இருக்கற பெரிய போர்டுல, யாரும் பின்னாடி தள்ளி விடாம, நீங்க போகணும்னு நினைச்ச உடையாத அலைகள்ல பாதிக்கு மேல பிடிக்கறீங்களா? ரெண்டு பக்கமும் போக வருதா? எழுந்திரிக்கும்போது முட்டி போடாம நேரா கால்ல வர்றீங்களா? இந்த மூணாவது கேள்விதான் முக்கியம். பெரிய போர்டு நல்ல மனசுக்காரன், நீங்க முட்டியைப் போட்டு ஒரு காலை எடுத்து வெச்சு அப்புறம் இன்னொரு காலை எடுத்து வெச்சாலும் அது பாட்டுக்கு ஆடாம போய்க்கிட்டு இருக்கும். சின்ன போர்டு அந்த நேரத்தைத் தராது, முட்டி பட்டதும் ஒரு பக்கம் சாயும், நீங்க தண்ணிக்குள்ள இருப்பீங்க. அதனால முட்டிப் பழக்கம் இருந்தா அதைப் பெரிய போர்டுலயே விட்டுட்டு அப்புறம் மாறுங்க. இன்னொன்னு, வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணிக்குப் போக முடியுதா? மாசத்துக்கு ஒரு தடவைன்னா பெரிய போர்டுலயே சந்தோஷமா இருக்கலாம், சின்ன போர்டு அடிக்கடி போனாதான் பழகும், ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்கிற மாதிரி இருந்தா வெறுத்துப் போயிடும்.

எவ்ளோ சின்னது

நீளத்தைப் பார்க்காதீங்க, லிட்டரைப் பாருங்க. இப்போ வர்ற போர்டுகள்ல அடியில எழுதியிருக்கும், நீளம், அகலம், கனம், கடைசியா லிட்டர். அந்த லிட்டர்தான் உங்களை எவ்ளோ மிதக்க விடும்னு சொல்லுது. பொதுவா எல்லாரும் போடற கணக்கு என்னன்னா உங்க எடையை கிலோவுல எடுத்துக்கிட்டு ஒரு எண்ணால பெருக்கறது. நல்லா ஃபிட்டா தினமும் ஓட்டறவங்களுக்கு அந்த எண் 0.36, 0.38 பக்கம் வரும், நடுத்தர வயசுல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போறவங்களுக்கு 0.55ல இருந்து 0.6 வரைக்கும் வெச்சுக்கறது புத்திசாலித்தனம். 75 கிலோ ஆள்னா 41ல இருந்து 45 லிட்டர். அதே 75 கிலோ ப்ரொஃபஷனல் ஆள் 27, 28 லிட்டர் போர்டுல போவார், அந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே ஏன் கடை சுவத்துல தொங்கற அழகான ஒல்லி போர்டு நமக்கு இல்லைன்னு புரிஞ்சிடும். ரொம்ப குளிரான தண்ணியில கனமான வெட்சூட் (குளிர் தாங்கற ரப்பர் உடை) போட்டு போறவங்க இன்னும் ரெண்டு மூணு லிட்டர் சேர்த்துக்கணும், ஈரமான வெட்சூட்டோட எடையையும் அந்த போர்டுதானே தூக்கணும்.

ஒம்பது அடி போர்டுல இருக்கறவங்க முதல்ல ஏழரை அடி பக்கம் இறங்கலாம், அது பழகினதும் ஏழு அடிக்குக் கொஞ்சம் கீழ, அப்புறம் ஆறரை. ஒரு படிக்கு எட்டுலேர்ந்து பத்து இன்ச்சுக்கு மேல குறைக்காதீங்க, முதல் படி மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கலாம். எங்கயாவது ஒரு இடத்துல "இதுவே போதும், ஜாலியா இருக்கு"ன்னு தோணினா அங்கயே நின்னுடலாம், ஆறடிக்கு வந்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல, ஏழடி போர்டுல அழகா ஓட்டறவங்களைப் பார்த்தா நமக்கே தெரியும்.

லிட்டர் ஒண்ணா இருந்தாலும் ரெண்டு போர்டு ஒரே மாதிரி இருக்காது. அந்த லிட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. நெஞ்சு படற இடத்துல அகலமும் கனமும் இருந்தா பேடில் பண்ண, அதாவது படுத்துக்கிட்டு கையால தண்ணியைத் தள்ளிப் போக, சுகமா இருக்கும், மூக்கு, அதாவது போர்டோட முன் நுனி, ஊசி மாதிரி இல்லாம உருண்டையா இருந்தா இன்னும் நல்லது. பக்கவாட்டுல இருந்து பார்த்தா வளைவு தெரியும் பாருங்க, அதுக்குப் பேர் ராக்கர், தட்டையா இருந்தா பேடில் வேகம் கிடைக்கும் ஆனா செங்குத்தான அலையில மூக்கு தண்ணிக்குள்ள குத்தும், வளைவு ஜாஸ்தின்னா குத்தாது ஆனா அலைக்குள்ள போறதுக்கே மூச்சு வாங்கும். முதல் சின்ன போர்டுக்கு தட்டைக்கும் வளைவுக்கும் நடுவுல, தட்டைப் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி எடுங்க. மிட் லெங்த்னு சொல்ற ஏழடி சொச்சம் போர்டுகள் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஃபிஷ்னு ஒரு வகை இருக்கு, குட்டையா அகலமா வால் ரெண்டா பிரிஞ்சு இருக்கும், நல்லா மிதக்கும், வேகமாவும் போகும், ஆனா அதை முதல் படியா எடுத்தா நீளம் திடீர்னு குறையறதால பாப் அப், அதாவது படுத்த நிலையில இருந்து எழுந்து நிக்கறது, தடுமாறும், ரெண்டாவது படிக்கு வெச்சுக்கோங்க.

பழைய போர்டு வாங்கறதுல ஒண்ணும் தப்பு இல்ல, எப்படியும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாத்தப் போறீங்க. மஞ்சளா ஆகியிருந்தா பரவாயில்ல. மேல்பரப்பைக் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, எங்கயாவது மெதுமெதுன்னு உள்ள போய் மேல வந்தா மேல் தோலும் உள்ள இருக்கற ஃபோமும் பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம், அதைத் தொடாதீங்க. போர்டுக்கு அடியில ஃபின் (மீன் துடுப்பு மாதிரி தகடு) மாட்டற பெட்டியைச் சுத்தி வெடிப்பு இருக்கான்னும் பார்த்துக்கோங்க. வாங்க முன்னாடி ஒரு நாள் வாடகைக்கோ நண்பர்கிட்ட கடனாவோ அதே லிட்டர் பக்கம் ஒண்ணை ஓட்டிப் பார்த்தா இன்னும் நல்லது.

இன்னொரு சமாதானம், இப்படி திணறறது நாம மட்டும் இல்ல. 1966ல உலக சாம்பியன்ஷிப்பை ஜெயிச்ச நாட் யங்கோட போர்டே 9 அடி 4 இன்ச், அது அப்போ ரொம்ப நவீனம். அதுக்கப்புறம் நாலே வருஷத்துல போர்டெல்லாம் ஏழடி பக்கம் இறங்கிடுச்சு, அதுவரைக்கும் நல்லா ஓட்டிக்கிட்டு இருந்த ஒரு தலைமுறையே திரும்ப முதல்லேர்ந்து கத்துக்க வேண்டியதா போச்சு.

பேடில்

சின்ன போர்டுல முதல் நாள் படுத்ததும் ஆடும். வலது பக்கம் இடது பக்கம் உருளற மாதிரி இருக்கும், கை போடறதுக்கே பயமா இருக்கும், அது ரெண்டு மூணு தடவையில போயிடும். படுக்கற இடம்தான் முக்கியம், பெரிய போர்டுல நாலு இன்ச் முன்ன பின்ன படுத்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது, இங்க ஒரு கட்டைவிரல் அகலம் பின்னாடி போனாலே வால் அமுங்கி பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். மூக்கு தண்ணிக்கு மேல ரெண்டு மூணு இன்ச் தெரியணும், அதான் அளவு. அந்த இடம் கிடைச்சதும் உங்க நெஞ்செலும்பு எங்க படுதோ அந்த இடத்துல வாக்ஸ்ல (வழுக்காம இருக்க போர்டு மேல தேய்க்கற மெழுகு) ஒரு கட்டி மாதிரி தேய்ச்சு வெச்சுக்கோங்க, படுக்கும்போதெல்லாம் நெஞ்சே அதைத் தேடிக்கும். காலு வாலுக்கு வெளிய தொங்கும், புதுசா இருக்கும், ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுக்கோங்க, அகட்டி வெச்சா பேலன்ஸ் கிடைக்கிற மாதிரி தோணும் ஆனா இழுவை ஜாஸ்தி ஆகும்.

அலை வர்றப்போ நிறைய பேர் பண்றது, போர்டு பின்னாடி தூக்கறது தெரிஞ்சதும் கையை நிறுத்திட்டு எழுந்திரிக்கப் பார்க்கறாங்க. பெரிய போர்டுல அது செல்லும். சின்னதுல, தூக்குதுன்னு தெரிஞ்சதும் இன்னும் ரெண்டு இழுப்பு ஆழமா போடுங்க, அந்த ரெண்டு இழுப்பப்போ தாடையை போர்டுக்குப் பக்கமா கொண்டு போங்க, எடை முன்னாடி போய் போர்டு கீழ சரியும். சரிய ஆரம்பிச்ச உடனே நெஞ்சைத் தூக்குங்க, இல்லைன்னா மூக்கு குத்தும். தாடை கீழ, ரெண்டு இழுப்பு, நெஞ்சு மேல. இதை எழுதறப்போ ரொம்ப நேரம் மாதிரி இருக்கு, தண்ணியில அது ஒரு மூச்சுதான்.

எங்க உட்காரணும்

இதுலதான் நேரம் செலவு பண்ணணும், மத்த எல்லாத்தையும் விட. தண்ணிக்குள்ள இறங்க முன்னாடி கரையில கால் மணி நேரம் நில்லுங்க. பெரிய அலைகள் ஒண்ணா மூணு நாலு சேர்ந்து வரும், நடுவுல சும்மா இருக்கும். அந்தப் பெருசு வர்றப்போ முதல்ல எந்த இடத்துல நுரை விழுதுன்னு பாருங்க, அதான் பீக். அந்த இடத்தைத் தண்ணியில இருந்து கண்டுபிடிக்கணும்னா கரையில ரெண்டு அடையாளம் வேணும், ஒரு கம்பமும் அதுக்குப் பின்னாடி ஒரு மரமும் ஒரே கோட்டுல தெரியற மாதிரி எதையாவது பிடிச்சுக்கோங்க. கம்பத்துக்கு வலது பக்கமா மரம் விலக ஆரம்பிச்சா நீரோட்டம் உங்களைத் தள்ளிடுச்சுன்னு அர்த்தம். தண்ணியில உட்கார்ந்தா தள்ளிப் போறது நமக்குத் தெரியவே தெரியாது, கொஞ்ச நேரம் அரட்டை அடிச்சா இருபது மீட்டர் போயிருப்போம், அப்புறம் "இன்னைக்கு அலையே பிடிக்க முடியல"ம்போம்.

பெரிய போர்டுக்காரங்க உட்கார்ற இடத்துல இருந்து சில மீட்டர் கரைப்பக்கமா உள்ள வந்து உட்காருங்க. முதல்ல பயமா இருக்கும், ஏன்னா பெரிய அலை வந்தா தலையில விழுற இடம் அது. விழும், சில தடவை. அதை ஏத்துக்கிட்டாதான் அலை கிடைக்கும், பயத்துல வெளிய தள்ளி தள்ளி உட்கார்ந்தா நாள் முழுக்க அலை உங்களுக்கு அடியில போய்க்கிட்டே இருக்கும், நீங்க இருபது இழுப்பு போட்டு போட்டு தோள் போயிடும். சரியான இடத்துல இருந்தா நாலஞ்சு இழுப்பு போதும். நேரா கரையைப் பார்த்து பேடில் பண்ணாதீங்க, போகப் போற பக்கமா கொஞ்சம் சாய்வா போர்டைத் திருப்பி வெச்சு பேடில் பண்ணுங்க, செங்குத்துல இறங்கறப்போ மூக்கு குத்தறதுக்கான வாய்ப்பு பாதி குறைஞ்சிடும், எழுந்ததும் பாதித் திருப்பம் முடிஞ்சும் இருக்கும்.

நாள் தேர்வு பண்றதுல ஒரு தப்பான நம்பிக்கை ஓடுது. "புது போர்டு, அதனால குட்டி அலை நாள்ல பழகலாம்"னு. சின்ன போர்டுக்கு பலமில்லாத குட்டி அலைதான் இருக்கறதுலயே கஷ்டம், தள்ள அதுல சக்தியே இல்ல. இடுப்புல இருந்து நெஞ்சு உயரம் வரைக்கும், அலைக்கும் அலைக்கும் நடுவுல ஒம்பது பத்து செகண்டுக்கு மேல இடைவெளி, காத்து லேசா கரையில இருந்து கடலைப் பார்த்து வீசணும் இல்லைன்னா காத்தே இருக்கக்கூடாது, அந்த மாதிரி நாளுக்குக் காத்திருங்க. ஆறு ஏழு செகண்ட் இடைவெளி, காத்து கடல்ல இருந்து அடிக்குது, தண்ணி முழுக்க குழப்பம், அன்னைக்கு பெரிய போர்டை எடுத்துட்டுப் போய் சந்தோஷமா இருங்க. அதனால பெரிய போர்டை வித்துடாதீங்க, தயவு செஞ்சு.

அப்புறம் ஒரு மரியாதை விஷயம். நீங்க இப்போ உள்ள வந்து பீக்குல உட்கார்றீங்க, அங்க நல்லா ஓட்டறவங்க கூட்டம் இருக்கும். பீக்குக்கு யார் ரொம்ப பக்கத்துல இருக்காங்களோ அலை அவங்களுது, அவங்க எழுந்துட்டா நீங்க விலகிடணும், முன்னாடி குதிக்கக்கூடாது. யாரையும் சுத்திப் போய் இன்னும் உள்ள உட்கார்ந்து உரிமை கொண்டாடறதும் கூடாது. புது போர்டுல பழகற காலத்துக்கு, கூட்டம் இல்லாத இரண்டாந்தர பீக் ஒண்ணைப் பார்த்து வெச்சுக்கறது எல்லாருக்குமே நிம்மதி.

எழுந்திரிக்கறது

கை எங்க வைக்கறீங்கன்னு கவனிங்க. தோளுக்கு நேரா வெச்சா உடம்பு பின்னாடி போகும், கீழ் விலா எலும்புக்குப் பக்கத்துல, உள்ளங்கை தட்டையா, போர்டு மேல இருக்கணும். ஓரத்தை விரலால பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்காதீங்க, பிடிச்ச பக்கம் அமுங்கி போர்டு கவிழும். கையை அழுத்தினதும் இடுப்பு மேல வரணும், அந்த இடைவெளியில முன்னங்கால் வந்து ரெண்டு கைக்கும் நடுவுல, போர்டோட நடுக்கோட்டு மேல விழணும். பின்னங்கால் ஃபின்னுக்கு மேல, வால்ல ஒட்டியிருக்கற ட்ராக்ஷன் பேட் (கால் வழுக்காம இருக்க ஒட்டற மெத்தை) மேல. பெரிய போர்டுல நாம ரெண்டு காலும் நடுவுலயே நின்னு பழகியிருப்போம், அதே பழக்கத்துல இங்க நின்னா போர்டு நேராத்தான் போகும், திரும்பவே திரும்பாது. பேட் மேட்டுல குதிகால் இடிக்கற உணர்வு கால்ல தெரியணும், கண்ணு அப்போ கீழ பார்க்கக்கூடாது, போற திசையைப் பார்க்கணும்.

நம்ம வயசுல பிரச்சனை கையில இல்ல, இடுப்பு மூட்டுலயும் கணுக்கால்லயும். முன்னங்கால் கை வரைக்கும் வராம பாதியிலயே நின்னுடும், பெருவிரல் போர்டுல உரசி மாட்டும். வீட்டுத் தரையில போர்டோட அளவுக்கு டேப் ஒட்டி, பேட் வர்ற இடத்தையும் ஒட்டி, அதுக்குள்ள பழகுங்க. தினமும் பத்து போதும், ஆனா ஒவ்வொண்ணும் ஒழுங்கா, விழுந்த இடம் சரியான்னு பார்த்து. இடுப்பு ரொம்ப இறுக்கமா இருக்கறவங்களுக்கு ஒரு வழி இருக்கு, முதல்ல பின்னங்காலை மட்டும் பேட் மேல வெச்சுடுங்க, அதை ஊன்றி இடுப்பைத் தூக்கினா முன்னங்கால் உள்ள வர இடம் கிடைக்கும். பார்க்க ரெண்டு ஸ்டெப் மாதிரி இருந்தாலும் தண்ணியில ஒரே அசைவா ஆயிடும், முட்டி எங்கயும் படாது.

எழுந்ததும் நிமிர்ந்து நிக்காதீங்க. முட்டி மடிஞ்சு, நெஞ்சு முன்னங்கால் முட்டிக்கு மேல. பிட்டத்தைப் பின்னாடி தள்ளி உட்கார்றது மடக்கறது ஆகாது, அது எடையை வால்ல போட்டு நிறுத்திடும்.

ஓட்டறது

பெரிய போர்டு அலையோட ஓரத்துல சாதுவா போகும், சின்னது அங்க செத்துடும். நுரைக்கு ஒட்டின செங்குத்தான பகுதி இருக்கு பாருங்க, பாக்கெட்னு சொல்றது, அங்கதான் சக்தி. அதை விட்டு ரொம்ப முன்னாடி போனா நிக்கும், கீழ தட்டைத் தண்ணிக்கு நேரா இறங்கினாலும் நிக்கும். அதனால அலை முகத்தோட மேல் பாதியில லேசா ஏறி லேசா இறங்கி, ஏறும்போது உடம்பை லேசாக்கி இறங்கும்போது அழுத்தி, இப்படித்தான் வேகம் சேர்க்கணும். ரொம்ப முன்னாடி வந்துட்டீங்கன்னா திரும்பி நுரையைப் பார்த்து வாங்க. திரும்பறதுக்கு ஆரம்பம் கண்ணு, அப்புறம் முன்தோள், கடைசியா பின்னங்கால் அழுத்தம். காலை மட்டும் வெச்சு உதைச்சுத் திருப்பினா வால் வழுக்கிட்டுப் போகும், வீடியோல பார்க்க நல்லா இருக்கும்னு நினைப்போம், இருக்காது.

வெளிய போறதும் விழறதும்

சின்ன போர்டுல டக் டைவ், அதாவது போர்டோட சேர்ந்து நுரைக்கு அடியில முங்கிப் போறது, பண்ணலாம்னு ஆசையா இருப்பீங்க. 40 லிட்டருக்கு மேல இருக்கற போர்டை முழுசா அமுக்கறது கஷ்டம், உண்மையைச் சொல்லணும்னா பாதி டக் டைவ்தான் வரும், ஆனா அதுவே சின்ன நுரைக்குப் போதும். நுரை ரெண்டு மீட்டர் பக்கம் வந்ததும் நெஞ்சுக்கு நேரா ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு கையை நீட்டி மூக்கை அமுக்குங்க, மூக்கு போனதும் முட்டியோ பாதமோ வாலை அமுக்கணும், உடம்பை போர்டோட ஒட்டி வெச்சுக்கிட்டு நுரை மேல போனதும் மூக்கை மேல திருப்புங்க. லேட்டா ஆரம்பிக்கறதுதான் வழக்கமா நடக்கறது. பெரிய நுரை வந்தா பழைய மாதிரி தலைகீழா கவிழ்ந்து போர்டைப் பிடிச்சுக்கறதே நல்லது. போர்டைத் தூக்கிப் போட்டுட்டு மூழ்கறது மட்டும் வேண்டாம், பின்னாடி ஆள் இருப்பாங்க.

சின்ன போர்டுக்கு லீஷும் (போர்டைக் காலோட கட்டற கயிறு) குட்டை, விழுந்ததும் போர்டு உங்களுக்குப் பக்கத்துலயே துள்ளும். வெட்சூட்ல பெரிய பேர் ஜாக் ஓ நீலுக்கு, 1970கள் தொடக்கத்துல லீஷ் இழுத்து போர்டு திரும்பி வந்து அடிச்சுதான் இடது கண் போச்சு. அப்போ லீஷ் ரப்பர் மாதிரி இழுபடும், இப்போ அவ்ளோ இல்ல, ஆனாலும் விழுந்ததும் ரெண்டு கையாலயும் தலையையும் முகத்தையும் மூடிக்கிட்டே மேல வர்ற பழக்கம் வேணும். ஆழமில்லாத இடத்துல தலை முதல்ல குதிக்காதீங்க, பக்கவாட்டுல தட்டையா விழுங்க. லீஷ் நீளம் போர்டு நீளத்துக்குக் குறையாம இருக்கட்டும், பழைய பெரிய லீஷை அப்படியே மாட்டாதீங்க, இழுவை.

உடம்பு

தோள்தான் முதல்ல போகும். ரப்பர் பேண்டை வெச்சு முழங்கையை இடுப்போட ஒட்டி கையை வெளிப்பக்கமா இழுக்கற பயிற்சி, வாரத்துக்கு மூணு நாள், போரடிக்கும் ஆனா செய்யணும். மேல் முதுகு வளையலைன்னா நெஞ்சைத் தூக்கற வேலை முழுக்க கீழ் முதுகு மேலயும் கழுத்து மேலயும் விழும், சுருட்டின டவலை தோள்பட்டைக்குக் கீழ குறுக்கா வெச்சு மல்லாக்க படுத்து கையை மேல நீட்டி கொஞ்ச நேரம் இருந்தாலே வித்தியாசம் தெரியும். நீச்சல் போறவங்க மெதுவா நீளமா போறதோட நிறுத்தாம பத்து பதினஞ்சு செகண்ட் முழு வேகம், கொஞ்சம் ஓய்வு, திரும்ப முழு வேகம்னு போங்க, அலை பிடிக்கற பேடில் அப்படித்தான் இருக்கு. ரெண்டு நாள் தொடர்ந்து போனா மூணாவது நாள் லீவு விடுங்க, தசை ஆறறதுக்கு இருபது வயசைவிட இப்போ நேரம் ஜாஸ்தி எடுக்கும், வலியோட போனா பேடில் மாறும், மாறின பேடில் தோளை இன்னும் கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை, அரிதுதான் ஆனா தெரிஞ்சு வெச்சுக்கணும். முதுகை ரொம்ப நேரம் பின்னாடி வளைச்சு படுத்து இருக்கறதால தண்டுவடத்துக்குப் போற ரத்தம் தடைபடற ஒரு நிலை இருக்கு, 2004ல ஹவாய் டாக்டர்கள் அதைப் பத்தி எழுதினாங்க, பெரும்பாலும் புதுசா சர்ஃபிங் கத்துக்கறவங்களுக்கு வருது. அடிபடாமலே திடீர்னு முதுகு வலி, அப்புறம் கால் மரத்துப் போறது, பலமில்லாம ஆகறது, சிறுநீர் வராம போறது. இதுல எது வந்தாலும் "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்"னு இருக்காம உடனே தண்ணியை விட்டு வெளிய வந்து ஆஸ்பத்திரி. பேடில் இல்லாத நேரத்துல வளைஞ்சு படுத்துக் கிடக்காம உட்கார்ந்துக்கோங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வர்றவங்க இதையெல்லாம் படிக்க முன்னாடி டாக்டரைப் பார்க்கணும்.

அடுத்த படி எப்போ

முதல் சில வாரம் அலை எண்ணிக்கை கண்டிப்பா குறையும், பெரிய போர்டுல பத்து பிடிச்ச இடத்துல மூணு பிடிப்பீங்க, அதைப் பார்த்து போர்டை மாத்தாதீங்க. கை சோர்ந்துடுச்சுன்னா அன்னைக்கு அவ்ளோதான்னு கரைக்கு வாங்க, சோர்ந்த கையோட லேட்டா எழுந்திரிக்கற பழக்கம்தான் உடம்புல பதியும். பாப் அப் முடிஞ்சதும் கால் தேடாம அதே இடத்துல விழுது, நுரைக்கு அடியில போக வருது, பாக்கெட்டை விட்டு வெளிய போனா திரும்பி வர வருது, ஓரத்தை அழுத்தினா போர்டு ரொம்ப மிதந்து சாய மாட்டேங்குதுன்னு தோணுது, இதெல்லாம் வந்தப்புறம் அடுத்ததுக்கு யோசிங்க, அப்பவும் நாலஞ்சு லிட்டருக்கு மேல குறைக்காதீங்க. அதுக்கும் முன்னாடி ஒரு சின்ன வேலை. சைமன் ஆண்டர்சன் 1981ல மூணு ஃபின் போர்டை வெச்சு போட்டிகள்ல ஜெயிச்சதுல இருந்து பெரும்பாலான போர்டுகள் அந்த மூணு ஃபின் அமைப்புலதான் வருது, அந்த மூணையும் கழட்டி மாத்தலாம். போர்டு திரும்ப மறுக்குதுன்னா பின்னாடி நடு ஃபின்னை மட்டும் ஒரு சைஸ் சின்னதா மாட்டிப் பாருங்க, வழுக்கிட்டுப் போகுதுன்னா பெருசா மாட்டிப் பாருங்க, புது போர்டு வாங்கறதைவிட செலவு ரொம்பக் கம்மி, பாதி நேரம் அதுலயே வேலை முடிஞ்சிடும்.